பையன் அப்பா வீட்டுக்குப் போய்விட்டான், மாதப் பணம் யாருக்கு?

அமெரிக்காவில் விவாகரத்தான குடும்பங்களில், பிள்ளைக்கு 14, 15 வயது ஆகும்போது அடிக்கடி நடக்கிற விஷயம் இது. இத்தனை வருடம் அம்மாவோடு இருந்த பையன் கோடை விடுமுறைக்கு அப்பா வீட்டுக்குப் போகிறான். விடுமுறை முடிந்தும் திரும்பி வர மனமில்லை, இங்கேயே பள்ளியில் சேர்ந்துகொள்கிறேன் என்கிறான். அம்மாவும் சண்டை போட்டுப் பார்த்துவிட்டு, சரி, உன் இஷ்டம் என்று விட்டுவிடுகிறார். அடுத்த மாதம் அப்பாவின் சம்பளத்தில், சைல்டு சப்போர்ட் எனப்படும் பிள்ளைப் பராமரிப்புப் பணமாக அம்மாவுக்குப் போக வேண்டிய 900 டாலர் வழக்கம்போலப் பிடித்தம் ஆகிறது. பையன் சாப்பிடுவது, தூங்குவது, செருப்பைக் கழற்றி நடுவாசலில் போடுவது எல்லாம் இவர் வீட்டில், பணம் மட்டும் அங்கே போகிறது, இது என்ன நியாயம் என்று அவர் கேட்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் கேட்டுவிட்டு அடுத்து அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது, பெரும்பாலானவர்கள் அந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

முதலில் அடிப்படை. சைல்டு சப்போர்ட் என்பது பிள்ளையின் முதுகில் ஒட்டிக்கொண்டு அவன் போகிற வீட்டுக்கெல்லாம் கூடவே போகிற பணம் இல்லை. அது ஒரு நீதிமன்ற உத்தரவு. இன்னார் இன்னாருக்கு மாதம் இவ்வளவு, இன்ன தேதி வரை என்று எழுதி நீதிபதி கையெழுத்துப் போட்ட காகிதம். பையன் எந்தக் கட்டிலில் தூங்குகிறான் என்பது அந்தக் காகிதத்துக்குத் தெரியாது. யாராவது மனுப் போட்டு, நீதிபதி புது உத்தரவு போடும் வரைக்கும் பழைய காகிதம் சொல்வதுதான் சட்டம். சம்பளப் பிடித்தம் செய்யும் கம்பெனிக்கும் அதே கதைதான், பையன் இப்போது என்னிடம்தான் இருக்கிறான் என்று சம்பளப் பிரிவில் போய்ச் சொன்னால் அவர்கள் பாவம் என்ன செய்வார்கள், பிடித்தத்தை நிறுத்தச் சொல்லி முறையான ஆணை வரும்வரை பிடித்தே ஆக வேண்டும்.

அந்தக் காகிதத்தை மதிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1986-ல் வந்த ஒரு கூட்டாட்சிச் சட்டத் திருத்தத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிராட்லி திருத்தம் என்பார்கள். நியூ ஜெர்சி செனட்டராக இருந்த பில் பிராட்லியின் பெயரில் வந்தது. (அரசியலுக்கு வரும் முன் நியூயார்க் நிக்ஸ் அணிக்காகக் கூடைப்பந்து ஆடினாரே, அவரேதான்.) அது சொல்வது இதுதான்: ஒவ்வொரு மாதத் தவணையும் அதற்கான தேதி வந்த உடனே நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமமான கடனாகிவிடும். அதற்கப்புறம் எந்த மாநிலத்து நீதிபதியும், அவருக்கே மனமிருந்தாலும், பின்னோக்கிப் போய் அந்தத் தொகையைக் குறைக்க முடியாது, தள்ளுபடியும் செய்ய முடியாது. ஒரே ஒரு விலக்கு உண்டு. தொகையை மாற்றச் சொல்லி மனு நிலுவையில் இருக்கும் காலத்துக்கு மட்டும் மாற்றலாம், அதுவும் மனு பற்றி எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போன நாளிலிருந்துதான்.

ஏன் இவ்வளவு இறுக்கம் என்றால், அதற்கு முன் வருடக்கணக்காகப் பணம் கட்டாமல் இருந்துவிட்டு, பாக்கி மலைபோல் ஏறிய பிறகு ஒருநாள் நீதிமன்றத்தில் போய் நின்று கஷ்டத்தைச் சொல்லி அழுது, அதை ஒரேயடியாகக் குறைத்துக்கொள்வது நடந்துகொண்டிருந்தது. பிள்ளையை வளர்த்த அம்மாவுக்கு நாமம். அதை அடைக்கத்தான் இந்தத் திருத்தம். நோக்கம் சரி என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் கட்டாமல் ஓடியவரையும், பிள்ளையைத் தன் வீட்டிலேயே வைத்துச் சோறு போட்டுக்கொண்டிருப்பவரையும் இந்தச் சட்டம் ஒரே மாதிரிதான் பார்க்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அப்பா சொந்தத் தொழில் செய்பவர், சம்பளப் பிடித்தம் கிடையாது, மாதாமாதம் தானே 900 டாலர் கட்டுகிறவர் என்று வைத்துக்கொள்வோம். ஜூன் மாதம் பையன் வந்துவிட்டான், அந்த மாதமே பணத்தை நிறுத்திவிட்டார். அம்மாவும் எதுவும் கேட்கவில்லை. நவம்பர் கடைசியில் ஏதோ ஒரு சண்டையில் அம்மா உத்தரவைக் கையில் எடுக்கிறார், அப்பா பதறிப்போய் வக்கீலைப் பார்த்து மனுப் போட்டு, டிசம்பர் 1-ம் தேதி நோட்டீஸ் போகிறது. டிசம்பரிலிருந்துதான் நீதிபதியால் தொகையில் கை வைக்க முடியும். ஜூன் முதல் நவம்பர் வரையிலான 6 மாதம், 5,400 டாலர், பாக்கியாகவே நிற்கும். அது சும்மாவும் நிற்காது. பல மாநிலங்களில் வட்டி உண்டு, கலிஃபோர்னியாவில் வருடத்துக்கு 10 சதவீதம், டெக்சாஸில் 6. பாக்கி 2,500 டாலரைத் தாண்டினால் பாஸ்போர்ட் மறுக்கப்படலாம், இவர் கணக்கில் அந்த எல்லை மூன்றாவது மாதமே, 2,700 ஆனபோதே, தாண்டியாகிவிட்டது. ஓட்டுநர் உரிமத்தை நிறுத்தி வைக்கலாம், வருமான வரியில் திரும்ப வரவேண்டிய பணத்தை மடக்கிக்கொள்ளலாம், முற்றினால் நீதிமன்ற அவமதிப்பு என்று சிறை வரைக்கும் போகலாம். 2011-ல் டர்னர் எதிர் ரோஜர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பார்த்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும்: இப்படிப்பட்ட வழக்கில் சிறை வாய்ப்பு இருந்தாலும், அரசு செலவில் வக்கீல் கட்டாயம் தர வேண்டும் என்பதில்லை, ஆளுக்கு உண்மையிலேயே கட்ட வசதி இருக்கிறதா என்று ஒழுங்காக விசாரிக்கும் ஏற்பாடு இருந்தால் போதும்.

சரி, அந்த 6 மாதம் பையனுக்குச் சோறு போட்டதற்கு மதிப்பே கிடையாதா? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. பழைய தொகையைக் குறைப்பது ஒன்று, அந்தத் தொகை வேறு வழியில் செலுத்தப்பட்டுவிட்டது என்று கணக்கில் வரவு வைப்பது வேறொன்று. முதலாவதைத்தான் பிராட்லி திருத்தம் தடுக்கிறது. இரண்டாவதற்குச் சில மாநிலங்கள் வழி விட்டிருக்கின்றன. டெக்சாஸ் குடும்பச் சட்டத்தில் 157.008 என்றொரு பிரிவு இருக்கிறது. கஸ்டடி, அதாவது பிள்ளையைத் தன்னோடு வைத்திருக்கும் உரிமை, உள்ள பெற்றோர் தானாகவே முன்வந்து பிள்ளையை மற்றவரிடம் விட்டுவிட்டார், அதுவும் உத்தரவில் சொன்ன விடுமுறை நாட்களைத் தாண்டி, அந்தக் காலத்தில் இவர் உண்மையாகவே பிள்ளையைப் பராமரித்தார் என்று நிரூபித்தால், பாக்கி கேட்டு வரும் வழக்கில் அதைத் தற்காப்பாக வைக்கலாம். கலிஃபோர்னியாவில் 1975-ன் ஜாக்சன் எதிர் ஜாக்சன் வழக்கிலிருந்தே, பிள்ளை அப்பாவிடமே வந்து வாழ்ந்த காலத்துக்கு அவர் கடமையை நேரடியாகவே செய்துவிட்டார் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ள இடம் உண்டு.

இதைக் கேட்டதும் சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். எல்லா மாநிலமும் இப்படி இல்லை. இருக்கிற இடத்திலும் நிரூபிக்கும் பொறுப்பு பணம் கட்ட வேண்டியவர் தலையில்தான். அம்மா தானாக விட்டாரா, பையன் ஓடி வந்துவிட்டானா, அப்பா தடுத்து வைத்துக்கொண்டாரா என்று ஒவ்வொன்றும் சாட்சி விசாரணை ஆகும். வார இறுதிக்கு வந்தவனுக்கு ஷூ வாங்கிக் கொடுத்தேன், போன் வாங்கிக் கொடுத்தேன் என்ற ரசீதுகளுக்கு மதிப்பில்லை, அதெல்லாம் அன்பளிப்புக் கணக்கில்தான் போகும்.

சம்பளத்தில் பிடித்தம் ஆகிறவருக்குப் பிரச்சினை நேர் எதிர்த் திசையில். அவர் பாக்கி வைக்க வாய்ப்பே இல்லை, ஆனால் மனுப் போடாமல் விட்ட ஒவ்வொரு மாதமும் பணம் போய்க்கொண்டே இருக்கும். போனதைத் திருப்பிக் கேட்டால் நீதிமன்றங்கள் பொதுவாக இரங்குவதில்லை, பிள்ளைக்காகக் கொடுத்தது, செலவாகிவிட்டது என்று முடித்துவிடுவார்கள். ஆக இருவருக்கும் பாதை ஒன்றுதான். பையன் நிலையாக வந்துவிட்டான் என்று தெரிந்த வாரமே மனுவைப் போட வேண்டும். நல்ல வக்கீல் கிடைக்கட்டும், பையன் மனது நிலைப்படட்டும், அவளோடு பேசிப் பார்ப்போம் என்று தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாதத்துக்கும் விலை உண்டு.

பேசி முடிப்பது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல மனதோடு பிரிந்தவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். "இனிமேல் நீங்க பணம் அனுப்ப வேண்டாம், அவனை நல்லா பார்த்துக்கிட்டா போதும்" என்று அம்மா குறுஞ்செய்தி அனுப்பியிருப்பார். அதைச் செய்தித்தாளில் வந்த தீர்ப்பு மாதிரி பத்திரமாக வைத்துக்கொண்டு அப்பா நிம்மதியாக இருப்பார். அந்தக் குறுஞ்செய்தி சாட்சியாக உதவலாம், ஆனால் நீதிமன்ற உத்தரவை அது மாற்றாது. இரண்டு பேரும் ஒத்துப்போகிறார்கள் என்றால் அதையே ஒப்பந்தமாக எழுதி நீதிமன்றத்தில் தாக்கல் செய்து நீதிபதியின் கையெழுத்தை வாங்கிவிடலாம், சண்டை இல்லாத வழக்கு என்பதால் இது ஒப்பீட்டில் சுலபம்.

இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரிவதே இல்லை. அம்மா அரசின் டான்ஃப் (TANF) எனப்படும் ஏழைக் குடும்ப உதவித் தொகையை வாங்கியிருந்தால், அந்தக் காலத்துச் சைல்டு சப்போர்ட்டைக் கேட்கும் உரிமையை அவர் மாநில அரசுக்கு எழுதிக் கொடுத்திருப்பார், உதவித் தொகை தருவதற்கான நிபந்தனையே அதுதான். அப்புறம் அந்தப் பணத்தை விட்டுக்கொடுக்க அவருக்கு உரிமை ஏது? அவர் வேண்டாம் என்றாலும் அரசு விடாது.

அடுத்த கேள்வி, பையனின் விருப்பத்துக்கு எவ்வளவு மதிப்பு? நான் இங்கேதான் இருப்பேன் என்று 15 வயதுப் பையன் சொன்னால், நடைமுறையில் அவனைத் தூக்கிக்கொண்டு போய் விட முடியாது, நீதிபதிகளுக்கும் அது தெரியும். ஆனால் சட்டத்தில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு உண்டு. ஜார்ஜியாவில் 14 வயது ஆன பிள்ளை யாரோடு இருப்பது என்று தேர்ந்தெடுக்கலாம், அந்தத் தேர்வு பிள்ளையின் நலனுக்குக் கேடு என்று நீதிபதி கண்டாலொழிய அதுவே செல்லும். கலிஃபோர்னியாவில் 14 வயது ஆன பிள்ளை நீதிமன்றத்தில் பேச விரும்பினால் பேச விட வேண்டும், அது பிள்ளையின் நலனுக்கு ஆகாது என்று நீதிபதி காரணத்தோடு சொன்னால்தான் மறுக்க முடியும். ஆனால் பேச விடுவது வேறு, சொன்னபடி செய்வது வேறு. டெக்சாஸில் 12 வயது ஆன பிள்ளையை விசாரிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டால் நீதிபதி அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டு விசாரிப்பார், ஆனால் முடிவு நீதிபதியுடையது.

மனு முடியும் வரை பழைய கஸ்டடி உத்தரவும் உயிரோடுதான் இருக்கும். அம்மாவின் சம்மதம் இல்லாமல் பையனை வைத்துக்கொண்டிருந்தால், அப்பா நல்லெண்ணத்தில் செய்தாலும் உத்தரவை மீறியவராகி நிற்கலாம். அப்புறம் இது முக்கியம்: கஸ்டடி மாற்றம் ஒரு கோரிக்கை, சைல்டு சப்போர்ட் மாற்றம் இன்னொரு கோரிக்கை. ஒன்றைக் கேட்டால் மற்றது தானாக வரும் என்று நினைக்கக் கூடாது, மனுவில் இரண்டையும் கேட்க வேண்டும். மாநிலச் சைல்டு சப்போர்ட் அலுவலகம் பணத்தை மட்டும்தான் பார்க்கும், கஸ்டடி அவர்கள் வேலை இல்லை. அங்கே போய் மாதக்கணக்கில் வரிசையில் நின்று, கஸ்டடி உத்தரவை மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நிறைய.

மனு ஜெயித்தால் 900 டாலர் நின்றுவிடும் என்பது பாதிக் கதை. மீதிப் பாதி, இப்போது அம்மா கட்ட வேண்டி வரலாம் என்பது. 1988-ல் வந்த குடும்ப ஆதரவுச் சட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாநிலமும் ஒரு சூத்திரம் வைத்தே தொகையைக் கணக்கிடுகிறது, நீதிபதி அதிலிருந்து விலகினால் காரணம் எழுத வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் இருவர் வருமானத்தையும் கூட்டுகிற முறைதான். அப்பாவுக்கு மாதம் 6,000, அம்மாவுக்கு 4,000, மொத்தம் 10,000. இந்த வருமானத்துக்கு ஒரு பிள்ளையின் செலவு 1,500 என்று அட்டவணை சொல்வதாக வைத்துக்கொள்வோம் (கணக்கு புரிவதற்காக நானே போட்ட எண்). அப்பாவின் பங்கு 60 சதவீதம், 900. அம்மாவின் பங்கு 600, அவர் அதை வீட்டிலேயே செலவழிப்பதாகக் கணக்கு. பையன் வீடு மாறினால் கணக்கு அப்படியே திரும்பும், அப்பா தன் 900-ஐ வீட்டில் செலவழிப்பார், அம்மா 600 அனுப்ப வேண்டும். 900 வந்துகொண்டிருந்த வீட்டிலிருந்து 600 போகிறது என்றால் மாதத்துக்கு 1,500 டாலர் வித்தியாசம், வாடகைக்கே முட்டுகிற வீட்டில் அது சின்ன அடி இல்லை. பையன் போன துக்கத்தோடு இதுவும் சேரும்போது, பேசி முடித்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்கள்கூட சண்டைக்கு வந்துவிடுவதில் ஆச்சரியமில்லை. அப்பாக்களில் சிலர் அவளிடம் எனக்குப் பணமே வேண்டாம், என் பிடித்தம் நின்றால் போதும் என்பார்கள். பல வீடுகளில் அதுதான் சமரசத்துக்கு வழி, ஆனால் சூத்திரத்திலிருந்து விலகுவதால் நீதிபதி ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டு பிள்ளைகள் இருந்து ஒருவர் மட்டும் வீடு மாறினால் பலரும் போடுகிற கணக்கு, பாதியாகக் குறைப்பது. தப்பு. டெக்சாஸை எடுத்துக்கொள்வோம், அங்கே கட்டுகிறவரின் நிகர வருமானத்தில் சதவீதம்: ஒரு பிள்ளைக்கு 20, இரண்டுக்கு 25, மூன்றுக்கு 30. நிகர வருமானம் 6,000 என்றால் இரண்டு பிள்ளைக்கு 1,500. மகன் அப்பாவிடம் வந்துவிட, மகள் அம்மாவிடம் இருக்கிறாள். மகளுக்கு மட்டும் என்றால் 1,200, அதாவது 300-தான் குறைகிறது, 750 இல்லை. மகனுக்காக அம்மா தர வேண்டியதைத் தனியாகக் கணக்கிட்டு இரண்டையும் கழித்துக்கொள்வது வழக்கம். இதுவும் நீதிமன்றம் செய்ய வேண்டிய கழித்தல், சமையலறை மேஜையில் நாமே போட்டுக்கொள்வதில்லை. உத்தரவில் இரண்டு பிள்ளைக்கும் சேர்த்து ஒரே தொகை எழுதியிருந்தால், அது மாற்றப்படும்வரை முழுத் தொகையும் கடன்தான்.

இதுவரை பையன் அம்மாவிடமிருந்து அப்பாவிடம் போனதைப் பேசினோம். இரண்டு பேரிடமும் இல்லாமல் பாட்டி வீட்டுக்கோ சித்தி வீட்டுக்கோ போனால்? அம்மாவுக்கு அனுப்பும் பணத்தை அப்பா தானே பாட்டிக்குத் திருப்பி அனுப்பினால், பழைய உத்தரவின் கண்ணில் அது கட்டாத பணம்தான். பாட்டியின் பேரில் கஸ்டடியோ பாதுகாவலர் உரிமையோ மாற்றி, அவரே சைல்டு சப்போர்ட் கேட்டால் அப்பா, அம்மா இருவருமே கட்ட வேண்டி வரும். பேரனுக்காக மட்டும் என்று பாட்டி டான்ஃப் வாங்கினால், அரசே இரண்டு பெற்றோரையும் தேடி வரும். பாட்டிகள் பலர் மகனையோ மகளையோ கோர்ட்டுக்கு இழுக்கக் கூச்சப்பட்டுக்கொண்டு ஓய்வூதியத்தில் பேரனை வளர்க்கிறார்கள். அது அவர்கள் விருப்பம், ஆனால் சட்டம் அப்படி எதிர்பார்க்கவில்லை.

பிள்ளை யாரோடும் இல்லாமல் தனியாகவோ, நண்பர்களோடு அறை எடுத்தோ, காதலன் வீட்டிலோ இருந்தால் கதை இன்னும் குழம்பும். வீட்டை விட்டுப் போயாச்சு, வேலைக்கும் போகிறாள், இனி என் பொறுப்பு இல்லை என்று பணம் கட்டுகிறவர் முடிவு செய்துவிடுகிறார். தனியாக வாழ்வதாலேயே 16 வயதுப் பெண் சட்டப்படி சுதந்திரமானவள் ஆகிவிடுவதில்லை. கலிஃபோர்னியாவில் எமான்சிபேஷன் எனப்படும் அந்த நிலைக்கு மூன்று வழிகள்தான்: சட்டப்படி திருமணம், ராணுவத்தில் முழுநேரப் பணி, அல்லது நீதிமன்றத்தின் அறிவிப்பு. நீதிமன்றத்துக்குப் போக 14 வயதாவது ஆகியிருக்க வேண்டும், பெற்றோர் சம்மதத்தோடு தனியாக வாழ வேண்டும், தன் பணத்தைத் தானே நிர்வகிக்க வேண்டும், அந்த வருமானம் குற்ற வழியில் வந்ததாக இருக்கக் கூடாது. மனுப் போட வேண்டியது பிள்ளை, அப்பாவோ அம்மாவோ அல்ல. அறிவிப்பு கிடைத்தால் பெற்றோரின் பராமரிப்புக் கடமை முடிந்துவிடும், கிடைக்கும் வரை முடியாது.

நியூயார்க்கில் இதற்கு ஒரு தனி வரலாறு. அங்கே சைல்டு சப்போர்ட் 21 வயது வரை. 1971-ல் ரோ எதிர் டோ என்ற பெயரில் ஒரு வழக்கு மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. வெளி மாநிலத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த 20 வயதுப் பெண், அப்பா கூடாது என்று சொல்லியும் விடுதியை விட்டு வெளியே தோழியோடு வீடெடுத்துத் தங்கினாள், அப்பா பணத்தை நிறுத்திவிட்டார். வேலை செய்யக்கூடிய வயதுள்ள பிள்ளை, பெற்றோரின் நியாயமான கட்டுப்பாட்டைத் தவிர்ப்பதற்காகத் தானாக வீட்டை விட்டுப் போனால் பராமரிப்பு கேட்கும் உரிமையை இழக்கிறது என்று நீதிமன்றம் சொன்னது. அந்தக் கோட்பாடு இன்றைக்கும் நியூயார்க்கில் வழக்குகளில் வருகிறது, பிள்ளை அப்பாவின் முகத்திலேயே விழிக்க மறுக்கிறது, நான் ஏன் கட்ட வேண்டும் என்று கேட்கும் அப்பாக்கள் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அவ்வளவு சுலபமாக ஜெயிப்பதில்லை. விரட்டிவிட்டது பெற்றோர் என்றாலோ, அடி உதை தாங்காமல் பிள்ளை போனது என்றாலோ, இந்த வாதம் எடுபடாது. பொதுவாகவே, பார்க்க வருவதும் பணம் கட்டுவதும் சட்டத்தில் தனித்தனிக் கணக்கு. பிள்ளை வார இறுதிக்கு வரவில்லை என்று மாதப் பணத்தை நிறுத்த முடியாது, பணம் வரவில்லை என்று பிள்ளையை அனுப்பாமல் இருக்கவும் முடியாது.

உறைவிடப் பள்ளி, கல்லூரி விடுதி போன்றவை பொதுவாகத் தற்காலிகப் பிரிவுதான், வீடு மாறியதாக ஆகாது. சைல்டு சப்போர்ட் எந்த வயதில் முடியும் என்பது மாநிலத்தைப் பொறுத்தது. பல இடங்களில் 18 வயது அல்லது உயர்நிலைப் பள்ளிப் படிப்பு முடிவது, அலபாமாவில் 19, மிசிசிப்பியில் 21. நியூ ஜெர்சியில் 2017 முதல் 19 வயதில் தானாக முடிகிறது, படிப்பு போன்ற காரணங்களைக் காட்டிக் கேட்டால் 23 வரை நீட்டிக்கலாம்.

பிள்ளை மாநிலமே மாறினால்? அப்பா டெக்சாஸ், அம்மா நியூயார்க், உத்தரவு நியூயார்க்கில் போட்டது. மகன் டெக்சாஸ் வந்து ஒரு வருடம் ஆகிவிட்டது, இங்கே உள்ளூர் கோர்ட்டில் மாற்றிக்கொள்ளலாமா? முடியாது, அம்மா நியூயார்க்கில் இருக்கும் வரை. மாநிலங்களுக்கு இடையிலான குடும்பப் பராமரிப்புக்கு என்றே ஒரு பொதுச் சட்டத்தை எல்லா மாநிலங்களும் ஏற்றிருக்கின்றன. முதலில் உத்தரவு போட்ட மாநிலத்தில் அப்பா, அம்மா, பிள்ளை மூவரில் ஒருவர் இருந்தாலும் தொகையை மாற்றும் அதிகாரம் அங்கேயே இருக்கும், இருவரும் எழுதிக் கொடுத்துச் சம்மதித்தால் தவிர. மூவருமே அங்கிருந்து வெளியேறிவிட்டால், மாற்றம் கேட்பவர் பொதுவாக மற்றவர் வாழும் மாநிலத்துக்குப் போய் மனுப் போட வேண்டும், தன் வீட்டு வாசலில் உள்ள கோர்ட்டுக்கு அவரை இழுக்க முடியாது. எந்த வயது வரை என்பதும் முதல் மாநிலத்தின் கணக்குதான். டெக்சாஸில் 18-ல் முடியும் என்று சந்தோஷப்பட முடியாது, நியூயார்க் உத்தரவு என்றால் 21.

வருமான வரி பற்றி ஒரு வரி. பிள்ளையைச் சார்ந்தவராகக் காட்டும் உரிமை பொதுவாக அந்த வருடத்தில் அதிக இரவுகள் பிள்ளை யார் வீட்டில் தூங்கியதோ அவருக்கு. கஸ்டடி உத்தரவில் யார் பெயர் இருக்கிறது என்று வரித்துறை பார்ப்பதில்லை, இரவுகளைத்தான் எண்ணும். ஜூனில் வீடு மாறிய பிள்ளை விஷயத்தில் இரண்டு பேருமே உரிமை கோரி, இரண்டு பேருக்குமே நோட்டீஸ் வருவது உண்டு.

ஆகவே பையன் வந்த நாளிலிருந்தே காகிதங்களைச் சேர்க்க வேண்டும். பள்ளியில் சேர்த்த பதிவு, அதில் உள்ள முகவரி, மருத்துவரிடம் போன ரசீது, அவன் எந்தெந்த இரவு எங்கே தூங்கினான் என்று நாட்காட்டியில் ஒரு குறிப்பு, அம்மாவோடு பேசியதெல்லாம் எழுத்தில். அம்மா பக்கம் இருப்பவருக்கும் இதே அறிவுரைதான், பையன் போனது தன் சம்மதத்தோடா இல்லையா என்பதை அன்றைக்கே எழுத்தில் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் டெக்சாஸ் மாதிரி இடங்களில் பின்னால் வழக்கே அந்த ஒரு கேள்வியில்தான் நிற்கும். புது உத்தரவு வரும் வரை பழைய தொகையைக் கட்டிக்கொண்டே இருப்பது கஷ்டம்தான். ஆனால் மனு நிலுவையில் இருந்த காலத்தில் கட்டியதைக் கணக்கில் வரவு வைக்கச் சொல்லி நீதிபதியிடம் கேட்கலாம், கட்டாமல் விட்டதற்குச் சமாதானம் சொல்வதைவிட அது எவ்வளவோ மேல்.

கடைசியாக, பதின்ம வயதுப் பிள்ளைகள் திரும்பியும் போவார்கள். அப்பா வீட்டுக் கண்டிப்பு பிடிக்காமல் நாலு மாதத்தில் அம்மாவிடம் கிளம்பிவிடுவதைப் பார்த்தே பழகிய நீதிபதிகள், இது நிலையான மாற்றமா என்று கேட்காமல் விடுவதில்லை, சிலர் இடைக்கால உத்தரவு போட்டுவிட்டுப் பொறுத்துப் பார்ப்பார்கள். பையன் போய்விட்டானே, இனி எதற்கு என்று உடனே மனுவை வாபஸ் வாங்கிவிட்டால் நோட்டீஸ் போன அந்தத் தேதியும் அதோடு போய்விடும். அவன் இருந்த நாலு மாதத்துக்காவது கணக்குத் தீர்க்கச் சொல்லி நீதிபதியிடம் கேட்டுவிட்டு, அதற்கப்புறம் மனுவை முடித்துக்கொள்ளலாம்.